177 பெரிதா, 150 பெரிதா?

கேள்வி: ஹூண்டாய் கோனா எஸ்யூவியின் முதல் தலைமுறையில் ஒன்றை வாங்க நினைக்கிறேன். 1.6 டர்போ பெட்ரோல் வகைக்கு 177 பிஎஸ் (குதிரைத்திறன்) என்றும் மின்சார வகைக்கு 150 கிலோவாட் என்றும் போட்டிருக்கிறது. மின்சார வண்டி சக்தி குறைந்ததா? குடும்பமும் சுமையுமாக அடிக்கடி மலைப்பாதையில் ஏற வேண்டியிருக்கும்.

பதில்: குறைந்ததல்ல, கூடியது. இரண்டு எண்களும் வெவ்வேறு அலகில் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். 1 கிலோவாட் என்பது 1.36 பிஎஸ். எனவே 150 கிலோவாட் என்றால் 204 பிஎஸ்.

அடுத்து டார்க், அதாவது முறுக்குவிசை. பெட்ரோலில் 265 நியூட்டன் மீட்டர், மின்சாரத்தில் 395. இதை மட்டும் காட்டி மின்சார வண்டியின் இழுவை ஒன்றரை மடங்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது மோட்டாரின் தண்டில் கிடைக்கும் விசை. வண்டியை நகர்த்துவது சக்கரத்தில் கிடைக்கும் விசை. பெட்ரோல் வண்டியின் முதல் கியர் என்ஜினின் விசையைப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் பெருக்கித் தருகிறது. மின்சார வண்டிக்கு இருப்பது ஒரே கியர், பெருக்கம் ஏறத்தாழ 8 மடங்கு. முதல் கியரில் இருக்கும்வரை பெட்ரோல் வண்டி சளைத்ததே அல்ல.

வேறுபாடு அதற்குப் பிறகுதான் தெரியும். மேல் கியருக்குப் போகப் போகப் பெட்ரோல் வண்டியின் பெருக்கம் சுருங்கிவிடும். 177 பிஎஸ் முழுவதும் வேண்டுமென்றால் கியரைக் குறைத்து என்ஜினை வேகமாகச் சுழலவிட வேண்டும். மின்மோட்டாரோ நடுத்தர வேகத்திலேயே தன் உச்ச சக்தியை எட்டி, வேகம் மேலும் கூடினாலும் அதன் அருகிலேயே நிற்கும். கொண்டை ஊசி வளைவில் வேகம் தணிந்து மறுபடி ஏறும்போது மிதித்த கணமே வண்டி எழுவது இதனால்தான்.

கோனாவிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. சிறிய, 39 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள பேட்டரி வகையிலும் அதே 395 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் சக்தி 100 கிலோவாட். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட அது 150 கிலோவாட் தரும் பெரிய பேட்டரி வகையைவிட ஏறக்குறைய இரண்டு விநாடி கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. டார்க் ஒன்றாக இருந்தும் வேகம் ஒன்றாக இல்லை. ஆகவே முதலில் கிலோவாட்டைப் பாருங்கள்.

உயரத்தில் காற்று மெலிவதால் சாதாரணப் பெட்ரோல் என்ஜின் 1,000 மீட்டருக்குச் சுமார் பத்து விழுக்காடு சக்தியை இழக்கும். காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும் டர்போ அதைப் பெருமளவு ஈடுகட்டுகிறது. மின்மோட்டாருக்கு அந்தக் கவலையே இல்லை. அதன் குறை வேறு: பெரிய பேட்டரி மட்டுமே 450 கிலோ அளவு எடை. சார்ஜ் மிகவும் குறைந்தாலோ, பேட்டரி குளிர்ந்திருந்தாலோ, அளவுக்கு மீறிச் சூடானாலோ உச்ச சக்தி கிடைக்காது. நீண்ட நேரம் அதிவேகத்தில் ஓட்டுவதே உங்கள் பழக்கமென்றால் பெட்ரோல் வகைதான் பொருந்தும்.

உங்கள் மலைப் பயணத்துக்கு நான் பெரிய பேட்டரி வகையையே சொல்வேன். சோதனை ஓட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள்; வீட்டாரை ஏற்றிக்கொண்டு போய், ஏற்றத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 80 வரை இரண்டையும் மிதித்துப் பாருங்கள். வாங்கிய பிறகு, மலை மேலிருந்து கிளம்பும் நாளில் பேட்டரியை முழுதாக நிரப்ப வேண்டாம். இறக்கத்தில் மோட்டாரே பிரேக் பிடித்து மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். அதை ஏற்க பேட்டரியில் கொஞ்சம் இடம் வேண்டும்.