பின்னால் மோதிய லாரி என்ன வேகத்தில் வந்தது? நகர்ந்த தூரத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கத்துக் கிராமம் எங்களுடையது. சம்பா அறுத்து, 60 கிலோ மூட்டையாக 40 மூட்டை நெல்லை டிராக்டரில் ஏற்றிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். வரிசை நீளமாக இருந்ததால் ஆற்றங்கரைச் சாலையில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். பின்னால் வந்த சின்ன லாரி நேராக டிரெய்லரில் மோதிவிட்டது. அதன் பம்பர் டிரெய்லரின் அடியில் சொருகிக்கொள்ள, லாரியும் டிராக்டரும் ஒன்றாக 2.5 மீட்டர் முன்னால் போய் நின்றன. மோதுவதற்கு முன் லாரி டயர் தேய்த்த கறுப்புத் தடம் 6 மீட்டர் இருந்தது. டேப் வைத்து அளந்தேன். லாரியை அப்படியே எடைமேடையில் ஏற்றிப் பார்த்ததில் 4 டன். ஓட்டுநர் "20 கிலோமீட்டர் வேகத்தில்தான் வந்தேன், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் உங்கள் வண்டி நகர்ந்தே இருக்காது" என்கிறார். நாங்கள் பிரேக் போட்டுத்தான் நிறுத்தியிருந்தோம். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள், தார்ச்சாலை உராய்வு 0.6 என்று வைத்துக் கணக்குப் போட்டாள். மோதிய வேகம் 23 என்று வந்தது. அப்படியானால் அவர் சொல்வது ஏறக்குறைய சரிதானா? டிராக்டரில் உட்கார்ந்திருந்த என் தம்பிக்கு அன்று ஒன்றும் தெரியவில்லை. இப்போது கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்கிறான்.

பதில்: முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்த அளவுகள் சரியென்றால், அந்த லாரி 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்க முடியாது. ஓட்டுநருக்குச் சாதகமாக எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாலும் பிரேக்கை மிதிப்பதற்கு முன் மணிக்கு 29 கிலோமீட்டருக்குக் கீழே போகவில்லை. 40-லிருந்து 50 வரை இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் மகள் கணக்கின் முதல் பாதியைச் சரியாகவே போட்டிருக்கிறாள். நடுவில் ஒரே ஒரு படியில் தவறிவிட்டாள். அந்தப் படியில் கல்லூரி மாணவர்களே தவறுவார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நடந்ததை மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். லாரி பிரேக் பிடித்துத் தேய்த்துக்கொண்டு வந்தது ஒன்று. மோதி, இரும்பு மடங்கி, இரண்டும் ஒட்டிக்கொண்ட அந்த நொடிப்பொழுது இரண்டாவது. ஒட்டியபடியே 2.5 மீட்டர் இழுபட்டு நின்றது மூன்றாவது. கணக்குப் போடும்போது பின்னாலிருந்து முன்னால் போக வேண்டும்: நின்ற இடத்தில் தொடங்கி, பிரேக் மிதித்த இடம் வரை.

மகள் செய்தது இது. லாரி 4,000 கிலோ. டிராக்டர் சுமார் 2,000, காலி டிரெய்லர் 1,600, நெல் 2,400, ஆக 6,000 கிலோ. இரண்டும் சேர்த்து 10,000. இழுபட்டபோது பூட்டிக்கொண்டு தேய்ந்தவை லாரியின் சக்கரங்களும் டிராக்டரின் பெரிய சக்கரங்களும் மட்டுமே. டிரெய்லர் சக்கரம் உருண்டுகொண்டுதான் போகும். கொக்கியில் சாயும் பாரத்தையும் சேர்த்து டிராக்டரின் பின்சக்கரங்கள் மேல் சுமார் 1,500 கிலோ என்று வைத்தால், தேய்ந்த சக்கரங்கள் மேல் இருந்த பாரம் 5,500 கிலோ. உராய்வு விசை அந்தப் பாரத்தில் 0.6 பங்கு (ஒரு கிலோவுக்கு 10 நியூட்டன் என்று வைத்து), அதாவது 33,000 நியூட்டன். அதை 10,000 கிலோவால் வகுத்தால் வேகம் குறையும் வீதம் நொடிக்கு நொடி 3.3 மீட்டர். அந்த வீதத்தில் 2.5 மீட்டரில் நிற்க வேண்டுமானால், ஒட்டிக்கொண்ட கணத்தில் வேகம் நொடிக்கு 4.06 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 14.6 கிலோமீட்டர் இருந்திருக்க வேண்டும். இதுவரை பிழையே இல்லை. டிரெய்லர் சக்கரத்தை உராய்வில் சேர்க்காமல் விட்டாளே, அந்தக் கவனத்துக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

அடுத்த படியில்தான் "மோதுவதற்கு முன் இருந்த இயக்க ஆற்றலும் மோதிய பின் இருந்த இயக்க ஆற்றலும் சமம்" என்று எழுதிவிட்டாள். 23 என்பது அங்கிருந்து வந்தது. லாரியின் பானெட்டை ஒருமுறை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். ரேடியேட்டர் உள்ளே போயிருக்கும், பம்பர் வளைந்திருக்கும், டிரெய்லரின் பின்கதவு நசுங்கியிருக்கும், நாலைந்து மூட்டை வாய் கிழிந்திருக்கும். அத்தனை இரும்பை வளைத்தது எது? லாரி கொண்டுவந்த இயக்க ஆற்றல்தான். அதில் பெரும்பங்கு அங்கேயே செலவாகிவிட்டது. மொத்த ஆற்றல் எங்கும் அழியவில்லை. வளைந்த இரும்பாகவும் சூடாகவும் சத்தமாகவும் மாறிவிட்டது. ஆனால் ஓட்டத்தில் அது மிச்சமில்லை. எனவே மோதலுக்கு முன்னும் பின்னும் இயக்க ஆற்றலைச் சமமாக வைக்கக் கூடாது.

சமமாக இருப்பது உந்தம். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது. லாரி டிரெய்லரை முன்னால் தள்ளிய அதே விசையில், அதே நேரம், டிரெய்லர் லாரியைப் பின்னால் தள்ளியது. ஒன்று இழந்த உந்தம் முழுவதும் மற்றதுக்குப் போய்ச் சேர்ந்தது. இரும்பு மடங்கினாலும் மடங்காவிட்டாலும் இதில் மாற்றமில்லை. ஆகவே 4,000 கிலோ லாரி தனியாகக் கொண்டுவந்த உந்தத்தை மோதிய பின் 10,000 கிலோ சேர்ந்து சுமந்தது. நிறை இரண்டரை மடங்கானது, வேகம் இரண்டரையில் ஒரு பங்கானது. திருப்பிப் பார்த்தால், மோதிய கணத்தில் லாரியின் வேகம் 4.06-ஐப் போல இரண்டரை மடங்கு: நொடிக்கு 10.15 மீட்டர், மணிக்கு 36.5 கிலோமீட்டர்.

இப்போது மகளையே இயக்க ஆற்றலைக் கணக்கிடச் சொல்லுங்கள். மோதும் முன் சுமார் 2,06,000 ஜூல். மோதிய பின் 82,500 ஜூல். நூற்றுக்கு அறுபது பங்கு பானெட்டிலும் பின்கதவிலும் போயிற்று.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் சரக்கு ரயிலுக்காகக் காத்துக் கிடந்த அனுபவம் உங்கள் பக்கம் யாருக்கும் இல்லாமலிருக்காது. நிற்கும் பெட்டியோடு இன்னொரு பெட்டி மெல்ல வந்து 'டமார்' என்று கோத்துக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். ஒரே எடையுள்ள பெட்டி ஒன்றோடு சேர்ந்தால் வேகம் பாதியாகும். மூன்று பெட்டிகளோடு சேர்ந்தால் கால்வாசியாகும். தண்டவாளம் என்பதால் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் நடக்கிறது. உங்கள் சாலையில் நடந்ததும் அதே வகை மோதல்தான். பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் முழு மீட்சியற்ற மோதல்.

இந்த விதியை மனிதர்கள் எளிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. பிரெஞ்சுத் தத்துவஞானி தெகார்த் 1644-லேயே மோதல் விதிகளை எழுதினார். திசையை விட்டுவிட்டு வேகத்தின் அளவை மட்டும் கூட்டியதால் பெரும்பாலும் தவறாகப் போயின. 1668-ல் லண்டனின் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் இதைத் தீர்த்துத் தரும்படி கேட்டபோது வாலிஸ், ரென், ஹைகன்ஸ் ஆகிய மூன்று அறிஞர்கள் பதில் அனுப்பினார்கள். ரென்னும் ஹைகன்ஸும் துள்ளித் திரும்பும் பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். துள்ளாமல் ஒட்டிக்கொள்ளும் பொருள்களை எடுத்துக்கொண்டவர் வாலிஸ். உங்கள் டிரெய்லர் கணக்கு அவருடையது.

மகளுக்கு இதைக் கையால் தொட்டுப் பார்க்க ஆசையிருந்தால், ஒரு வாழைமட்டையை உரித்து, குழிந்த பக்கம் மேலே இருக்கும்படி தரையில் சமமாக வையுங்கள். கோலிக்குண்டு ஓட அதைவிட நல்ல வாய்க்கால் கிடையாது. நடுவில் ஒரு கோலியை வைத்து, அதே அளவு கோலி ஒன்றை உருட்டி விடுங்கள். வந்தது ஏறக்குறைய நின்றுவிடும், நின்றது கிளம்பிப் போகும். உருளும் சுழற்சி மிச்சமிருப்பதால் வந்தது கொஞ்சம் ஊர்ந்து பின்தொடரும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம். பிறகு நிற்கும் கோலியின் முகத்தில் நம் வயல் களிமண்ணைக் குழைத்து ஒரு பயறு அளவு அப்பிவிட்டு மறுபடி உருட்டுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு, வந்த வேகத்தில் பாதிக்கும் குறைவாகத் தடுமாறிப் போகும். களிமண் நசுங்கிய அச்சைப் பாருங்கள். லாரியின் பானெட் அதுதான்.

இனி ஓட்டுநர் பக்க நியாயத்தையும் பார்ப்போம், ஏனென்றால் இந்தக் கணக்கில் அவருக்கு உதவக்கூடிய ஓட்டை ஒன்று உண்டு. மோதிய பிறகும் அவர் கால் பிரேக்கிலேயே இருந்ததா? அதிர்ச்சியில் கால் நழுவியிருந்தால், இழுபட்ட 2.5 மீட்டரில் தேய்ந்தவை டிராக்டரின் பின்சக்கரங்கள் மட்டுமே. அப்போது வேகம் குறையும் வீதம் 3.3-லிருந்து 0.9-க்கு இறங்கிவிடுகிறது. ஒட்டிக்கொண்ட வேகம் நொடிக்கு 2.1 மீட்டர், லாரி மோதிய வேகம் மணிக்கு 19 கிலோமீட்டர் என்று வரும். பாருங்கள், அவர் சொன்ன 20-க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. ஒருவேளை மோதிய கணத்தின் வேகத்தைத்தான் அவர் சொல்கிறாரோ என்னவோ.

ஆனால் மோதும் முன் தேய்த்த 6 மீட்டர் தடம் இருக்கிறதே. சக்கரங்கள் பூட்டித் தேய்ந்தால், 0.6 உராய்வில் வேகம் நொடிக்கு நொடி 6 மீட்டர் வீதம் குறையும். அந்த 6 மீட்டரையும் சேர்த்தால், கால் நழுவிய கணக்கிலேயே பிரேக் மிதிக்கும் முன் மணிக்கு 36 கிலோமீட்டர் வருகிறது. கால் நழுவவில்லை என்றால் 47-க்கு மேல். அறுவடை நேரத்தில் நம் சாலைகளில் வைக்கோலும் பதரும் மண்ணும் கிடப்பதால் 0.6 என்பதே அதிகம் என்று யாரும் வாதாடலாம்; நியாயமான வாதம். 0.4 என்று வைத்துப் பார்த்தேன். கால் நழுவாவிட்டால் 39, நழுவியிருந்தால் 29. சுத்தமான காய்ந்த சாலை என்று 0.7 வைத்தால் 51 வரை போகிறது. முதலில் சொன்ன எண்கள் இவைதான். லாரியின் எல்லாச் சக்கரங்களும் பூட்டித் தேய்ந்தன என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். பின்சக்கரத் தடம் மட்டும் இருந்தால் அந்த 29 உட்பட எண்கள் கொஞ்சம் இறங்கும்.

ஆகவே உங்கள் போனில் அன்று எடுத்த படங்களில் ஒன்றைத் தேடிப் பாருங்கள்: மோதிய இடத்தைத் தாண்டியும் லாரியின் கறுப்புத் தடம் தொடர்கிறதா? தொடர்ந்தால் பிரேக் பிடித்தபடியே இருந்தது என்று பொருள். மோதிய இடம் எது என்று எப்படித் தெரியும் என்றால், உடைந்த விளக்குக் கண்ணாடி முதலில் சிதறிய இடமும், தடம் சட்டென்று வளைந்த அல்லது அறுந்த இடமும் காட்டிக்கொடுக்கும். மழை வந்தால் தடம் போய்விடும், இன்றே போய்ப் பார்த்துவிடுங்கள்.

எடையிலும் ஒரு எச்சரிக்கை. வீட்டில் நாம் பிடிப்பது 60 கிலோ மூட்டை, கொள்முதல் நிலையத்தில் பிடிப்பது 40 கிலோ சிப்பம். "40 மூட்டை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் படிப்பவர் சிப்பக் கணக்கில் எடுத்துக்கொள்வார். 800 கிலோ காணாமல் போகும், லாரி வேகமும் அதற்கேற்பக் குறைந்து வரும். எடையைக் கிலோவில் எழுதுங்கள். எடைமேடைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்து ஹேண்ட் பிரேக். இந்த வாதம் எடுபடாது. மோதலில் உங்கள் வண்டிக்குக் கிடைத்த உந்தம் 6,000-ஐ 4.06-ஆல் பெருக்கியது, சுமார் 24,000. இதுபோன்ற மோதல் நடந்து முடிய ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி ஆகும். 24,000 உந்தம் பத்தில் ஒரு நொடியில் கைமாற வேண்டுமானால் சராசரி விசை 2,40,000 நியூட்டன், அதாவது 24 டன் பாரத்துக்குச் சமம். பூட்டிய டிராக்டர் சக்கரங்கள் அதிகபட்சம் தாங்கக்கூடியது 9,000 நியூட்டன். பிரேக் போட்ட வண்டியும் நகரத்தான் செய்யும். பிரேக் இல்லாமலிருந்தால் இன்னும் தூரம் போயிருக்கும், அவ்வளவுதான். மோதும் அந்தச் சிறு பொழுதில் சாலையின் உராய்வு திருடும் உந்தம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் சேர்த்தால் லாரியின் வேகம் சற்றுக் கூடுமே தவிரக் குறையாது.

இதை வைத்து நீங்களே யாரோடும் வாதாடப் போக வேண்டாம். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையும் காவல் நிலையத்தில் பதிவான புகாரும்தான் இழப்பீட்டுக்கு அடிப்படை. படங்கள், டேப் அளவுகள், எடைச்சீட்டு ஆகியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி இன்சூரன்ஸ் சர்வேயரிடமும் உங்கள் வழக்கறிஞரிடமும் கொடுங்கள். இந்தக் கணக்கு செல்லுபடியாவது நேர்ப்பின்னால் மோதியதால்தான். ஓரமாக இடித்து டிரெய்லர் திரும்பியிருந்தால் ஒரே கோட்டில் கூட்டிக் கழிப்பது போதாது என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம்விட அவசரமானது உங்கள் தம்பியின் கழுத்து. நின்றுகொண்டிருந்த இருக்கை பத்தில் ஒரு நொடியில் நொடிக்கு 4 மீட்டர் வேகத்துக்குத் தூக்கி எறியப்பட்டிருக்கிறது. அது புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கு முடுக்கம். உடம்பை இருக்கை முன்னால் தள்ளும், தலையைத் தள்ள டிராக்டரில் எதுவும் இல்லை. தலையை இழுத்துக்கொண்டு போகும் வேலை முழுவதும் கழுத்தின் தசைக்கும் தசைநார்களுக்கும் விழும். இந்த வகைக் காயம் அன்று தெரியாமல், ஓரிரு நாள் கழித்து வலிப்பது வழக்கம்தான். எண்ணெய் போட்டு நீவிவிடவோ சுளுக்கு எடுக்கவோ யாரிடமும் விடாதீர்கள். கை மரத்துப்போனாலோ விரல்களில் பலம் குறைந்தாலோ ஒரு மணிநேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. அப்படி எதுவும் இல்லையென்றாலும் நாளைக் காலையிலேயே எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பின்னாலிருந்து லாரி மோதியது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.