பத்திரப்பதிவுச் செலவு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பத்திரம் எழுதுவது என் தொழில். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கணக்கெல்லாம் தமிழ்நாட்டுக்கு உரியது.

கேள்வி: ஐயா, 1,200 சதுர அடி மனையை 30 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 1,800 ரூபாய்தான். அந்த மதிப்புக்கே பத்திரம் போட்டால் போதும் என்கிறார் தரகர்.

தரகருக்குக் கமிஷனோடு வேலை முடிந்துவிடும்; பத்திரம் உங்கள் பெட்டியில்தான் இருக்கப்போகிறது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக மொத்தம் 9. வழிகாட்டி மதிப்புப்படி மனை 21,60,000 ரூபாய், செலவு 1,94,400. உண்மை விலைக்கு எழுதினால் 2,70,000. மிச்சம் 75,600 ரூபாய்.

இப்போது மறுபக்கம். பத்திரத்தில் வராத மீதி 8,40,000 ரூபாயை ரொக்கமாகத் தருகிறீர்கள். அதற்கு ரசீது கிடையாது. வங்கி, பத்திரத்தில் உள்ள தொகையை வைத்துத்தான் கடன் தரும். சில வருடம் கழித்து விற்கும்போது அந்த 8,40,000-மும் உங்கள் லாபமாகவே கணக்காகும், 12.5 சதவீதம் வரி என்றால் 1,05,000. கிரயம் ரத்தானால் ரொக்கத்தைத் திருப்பிக் கேட்க எந்தக் காகிதத்தைக் காட்டுவீர்கள்? தீர்வை, விலை அல்லது சந்தை மதிப்பு, இதில் எது அதிகமோ அதற்குத்தான். 30 லட்சத்துக்கே எழுதுங்கள்.

கேள்வி: பில்டரிடம் 48 லட்சத்துக்குப் புது ஃபிளாட். இதற்கும் 9 சதவீதமா?

இல்லை. 1-12-2023 முதல் அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு நிலப்பங்கையும் கட்டடத்தையும் சேர்த்தே கிரயம். மதிப்பு 50 லட்சம் வரை தீர்வை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5. பதிவுக் கட்டணம் 2. உங்களுக்கு 2,88,000 ரூபாய். பணி நிறைவுச் சான்று வருவதற்கு முன் வாங்கினால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது இன்னும் 2,40,000. விலையில் இது அடக்கமா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: மனைவி பெயரில் வாங்கினால் சலுகை உண்டாமே, அண்ணா?

உண்டு. 1-4-2025 முதல் 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அதிகபட்சம் 10,000 ரூபாய்தான்.

கேள்வி: 60 லட்சம் வீடு. டிடிஎஸ் தனிச்செலவா?

இல்லை. டிடிஎஸ் என்பது விற்பவரின் வருமான வரிக்காக வாங்குபவர் பிடித்துக் கட்டும் தொகை. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 1 சதவீதம், 60,000 ரூபாயை, விற்பவருக்குத் தரும் தொகையில் பிடித்து நீங்கள் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 50 லட்ச வரம்பே கிடையாது, பிடித்தமும் அதிகம். ஆடிட்டரைப் பார்க்காமல் பணம் தராதீர்கள்.

கேள்வி: அப்பா சுயமாகச் சம்பாதித்த 60 லட்சம் பெறும் வீட்டை எனக்குத் தருகிறார். தம்பி பிறகு வழக்குப் போடாமல் இருக்கக் கிரயமாகவே எழுதச் சொல்கிறார்கள்.

கிரயம் என்றால் 5,40,000 ரூபாய், தங்கையே. செட்டில்மென்ட், அதாவது குடும்பத்துக்குள் பணம் வாங்காமல் எழுதித் தரும் பத்திரம் என்றால் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. மொத்தம் 50,000-இல் முடிந்துவிடும். சுயசம்பாத்தியச் சொத்தை அப்பா விரும்பியவருக்கு எழுதிக் கொடுக்கலாம். பணமே கைமாறாத கிரயம்தான் வழக்குக்கு வழி.