இல்லாத ஒரு துளை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீனத் தொல்மீன் ஆய்வாளர் மீமான் சாங் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். 3 செ.மீ. கூட இல்லாத ஒரு மீன்தலைக்கு இரண்டு ஆண்டு செலவிட்டு, அதில் ஒரு துளை இல்லை என்று கண்டதைச் சாதனை என்று எப்படிச் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அது எந்தத் துளை என்று சொல்லாமல் விட்டது என் பிழை. மூக்கிலிருந்து வாயின் உட்புறம் திறக்கும் வழி இருப்பதால்தான் வாயை மூடிக்கொண்டும் நம்மால் மூச்சுவிட முடிகிறது. இந்த உள்நாசித் துளை, டெவோனியன் காலச் (சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய) சதைத்துடுப்பு மீன்கள், அதாவது நிலத்தில் வாழும் முதுகெலும்பிகள் தோன்றிய மீனினம், பலவற்றுக்கும் பொதுவானது என்று ஸ்டாக்ஹோமின் தொல்மீன் ஆய்வாளர் எரிக் யார்விக் போன்ற பெரியவர்கள் எழுதியிருந்தனர். மாஸ்கோவில் படித்துப் பெய்ஜிங்கில் பணியாற்றிய சாங், யுன்னான் மாநிலத்தில் கிடைத்த யங்கோலெபிஸ் மீனின் தலையோடு அதே ஸ்டாக்ஹோமுக்குத்தான் சென்றார். (அவர் பெயர் தமிழ்க் காதுக்கு மீனை நினைவூட்டுவது தற்செயல்தான்; எனக்கு அது பிடித்திருக்கிறது.)

அங்கே வழங்கிய முறை இது: புதைபடிவத்தை மயிரிழை அளவு தேய்த்து, தெரியும் பரப்பை வரைந்து, மீண்டும் தேய்ப்பார்கள், வரைந்தபடி மெழுகுத் தகடுகளை வெட்டி அடுக்கினால் தலையின் உள்ளமைப்பு பன்மடங்கு பெரிதாக எழுந்து நிற்கும். சாங் 540க்கும் மேற்பட்ட வெட்டுகளை இவ்வாறு வரைந்தார். தேயத் தேயக் கல் அழிந்துபோவதால், ஒரு கோடு பிசகினாலும் திரும்பிச் சரிபார்க்கப் பொருள் இருக்காது. இல்லை என்று சொல்ல அவருக்கு உரிமை தந்தது இந்த உழைப்பே. ஓர் இடத்தை விட்டுவிட்டுப் பார்த்தவர் அப்படிச் சொல்ல முடியாது. மெழுகு மாதிரியில் அந்தத் துளை இல்லை. யார்விக் கையாண்ட முறையே யார்விக்கின் கருத்துக்கு எதிராகச் சான்று சொன்னது. 1982இல் அது ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேடானது.

2018இல் பெண் அறிவியலாளர்களுக்கான லொரேயால்-யுனெஸ்கோ விருது உட்படப் பல பெருமைகள் பின்னர் வந்தன. எனினும் அவர் விட்டுச்செல்வது எது என்று கேட்டால், நான் வேறொரு மீனைச் சொல்வேன். உள்நாசித் துளை ஆதியிலிருந்தே இருந்தது அல்ல என்றால், அது எப்போது, எப்படி வந்தது என்ற கேள்வி எழுகிறதல்லவா? சாங்கும் சூ மின்னும் 1993இல் விவரித்த, அதே யுன்னானைச் சேர்ந்த கெனிக்திஸ் என்ற மீனை, சூ மின்னும் பெர் ஆல்பெர்கும் 2004இல் மீண்டும் ஆராய்ந்தனர். மீன்களுக்கு முகத்தின் ஒவ்வொரு பக்கமும் முன், பின் என இரு நாசித் துளைகள் பொதுவாக உண்டு; கெனிக்திஸின் பின்நாசித் துளையோ முகத்திலும் இல்லை, வாய்க்குள்ளும் இல்லை. மேல்தாடையின் இரு எலும்புகளுக்கு இடையே, பல்வரிசை பிளவுபட்ட விளிம்பில், முகத்திலிருந்து வாய்க்குள் சென்று உள்நாசித் துளையாகும் பாதி வழியில் இருக்கிறது.