கரும்பைப் பிளந்து பார்க்கிற பெண்ணை மூன்றாம் முறை நீட்டுக்கு அனுப்பாதீர்கள்

விழுப்புரம் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர் மகளுக்காகக் கேட்டிருக்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண். நீட் இரண்டு முறை எழுதியும் இடம் கிடைக்கவில்லை. “இன்னொரு வருஷம் கோச்சிங் போகட்டும், அதுவும் வரலைன்னா ரெண்டு ஏக்கரை வித்து நிகர்நிலையில சேர்த்துடு” என்கிறாராம் தாய்மாமன். அவளோ வயலில் காய்கிற கரும்பைப் பிளந்து, உள்ளே சிவந்திருப்பதைப் படமெடுத்துவைத்து, ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நிலத்தில் கை வைக்காதீர்கள். நிகர்நிலை மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் கட்டணம் மட்டுமே வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. படிப்போ நாலரை வருஷம். அதற்கு வாங்கும் கடனில் ஜாமீன் கையெழுத்துப் போட அந்த மாமன் முன்வருவாரா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது முறை கோச்சிங்கும் வேண்டாம். பிள்ளையின் மனம் எங்கே இருக்கிறது என்று உங்கள் கடிதமே சொல்லிவிட்டது.

அவள் பார்த்தது செவ்வழுகல் என்ற கரும்பு நோயாக இருக்கலாம். சிவப்புக்கு நடுவே குறுக்காக வெள்ளைத் திட்டுகளும் புளித்த சாராய வாடையும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தண்டுத்துளைப்பான் புழு குடைந்தாலும் தண்டு சிவக்கும், ஆனால் அந்த வெள்ளைத் திட்டு இருக்காது. செவ்வழுகல் கொல்லெட்டோட்ரிக்கம் ஃபல்கேட்டம் என்ற பூஞ்சையால் வருகிறது, விதைக்கரணை, அதாவது நடுவதற்கு வெட்டும் கரும்புத் துண்டு, வழியாகவே வயலுக்கு வயல் போகிறது. கோ.சி. 671 என்ற ரகம் நம் பக்கம் இந்த நோயால்தான் விழுந்தது. 2009-இல் வெளியாகி உத்தரப் பிரதேசம் முழுக்கப் பரவிய கோ 0238 ரகத்துக்கும் பிறகு அதே கதி. ஒரே ரகத்தை ஊரெல்லாம் நட்டால், அதைத் தாக்கக்கூடிய புதிய பூஞ்சை வகை ஒன்று தோன்றிய உடனே தீனிக்குக் குறைவிருக்காது. அதனால் ரகம் உருவாக்குகிறவருக்கும் நோயியலாளருக்கும் வேலை ஓயவே ஓயாது.

இந்த வேலை உங்களிடமிருந்து தூரத்தில் இல்லை. கோவையில் 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். அங்கே கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். நாட்டு நாணலான சக்காரம் ஸ்பான்டேனியத்தைப் பருமனான ஆலைக்கரும்போடு கலந்து கோ 205 என்ற கலப்பினத்தை 1918-இல் வெளியிட்டார்கள். தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் பணியாற்றிய இடம் அது. அங்கே ஒரு நாற்று ரகமாக வெளிவரப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும். அந்தப் பொறுமை அவளுக்கு உண்டா என்பதை நீங்கள்தான் கவனித்துச் சொல்ல வேண்டும்.

ஒரு ரகம் செவ்வழுகலைத் தாங்குமா என்று சோதிப்பதையே பாருங்கள். ஓட்ஸ் அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் ஏழு நாள் வளர்த்த பூஞ்சையிலிருந்து, மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் பூஞ்சை வித்து வரும்படி கரைசல் தயாரிப்பார்கள். அடியிலிருந்து மூன்றாவது கணுவிடையின் (இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதி) நடுவில் துளை போட்டு, இரண்டு சொட்டு விட்டு, களிமண்ணால் அடைப்பார்கள். அறுபது நாள் கழித்துத் தண்டை நெடுக்காகப் பிளந்து, சிவப்பு எத்தனை கணுவைத் தாண்டியது, எவ்வளவு அகலம் பரவியது, வெள்ளைத் திட்டு உண்டா, தோகை மஞ்சளாயிற்றா என்று பார்த்து 0 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். துளை கணுவின் மேல் விழுந்தால் முடிவு கெட்டுவிடும். ஊடகத்திலேயே திரும்பத் திரும்ப வளர்த்த பூஞ்சை வீரியம் இழந்திருந்தால், தாங்காத ரகமும் தாங்குவதுபோல் ஏமாற்றிவிடும்.

தண்டின் அமைப்பில் அவளுக்கு ஆர்வம் உண்டா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். முற்றிய அடிக்கரும்பு வேண்டாம், நுனியின் இளங்கணுவிடையை எடுங்கள். புது பிளேடை நனைத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல் எடுக்கச் சொல்லுங்கள். உலர்ந்த பிளேடு திசுவைக் கிழித்துவிடும். ஒரு சதவீத சஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தில் இரண்டு நிமிடம் வைத்துக் கழுவி, அவள் படித்த பள்ளி நுண்ணோக்கியில் பார்க்கட்டும். சாயம் அதிகமாகிவிட்டால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஆல்கஹாலில் அலசினால் போதும். நீரையும் உணவையும் கடத்தும் வாஸ்குலார் கற்றைகள் சிதறிக் கிடப்பதும் தோல் ஓரத்தில் நெருங்கி நிற்பதும் தெரியும். இருபது சீவலில் ஒன்றுதான் உருப்படும். இருபத்தொன்றாவதையும் சலிக்காமல் எடுக்கிறாளா என்று பாருங்கள்.

எந்த வழியாகப் போவது? பி.எஸ்சி. வேளாண்மை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இதற்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும் அவள் தகுதியானவள். அது கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல். ஆனால் சேரும் முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: வேளாண் பல்கலைக்கழகங்களின் எம்.எஸ்சி. தாவர நோயியல் பெரும்பாலும் வேளாண் பட்டதாரிகளுக்குத்தான். தாவரவியல் படித்தவர் எம்.எஸ்சி. தாவரவியல் முடித்து, சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதி ஆராய்ச்சிக்கு வர வேண்டும். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். நிரந்தர வேலைக்கு முப்பது வயதை நெருங்கக்கூடும், இடையில் திட்டப் பணிகள் ஒப்பந்தமாகத்தான் இருக்கும். இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். தாவரவியல் துறைக்குள் போய், திசுவை மெல்லிசாகச் சீவும் மைக்ரோடோம் ஓடுகிறதா, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கடைசியாக எப்போது பயன்பட்டது, இளநிலை மாணவர் கையில் அவற்றைத் தருவார்களா என்று கேளுங்கள். கருவி பூட்டிக் கிடந்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.