அப்பாவின் மணிக்கூடு

கேள்வி: அப்பா 1964இல் வாங்கிய ஒமேகா கொன்ஸ்டலேஷன் கைக்கடிகாரம் என்னிடம் இருக்கிறது. முகப்பு பழுப்பேறிவிட்டது. புது வர்ணம் பூசித் தருவதாகக் கடைக்காரர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டவே வேண்டாம், சகோதரி! அந்தப் பழுப்புக்குத்தான் சேகரிப்பவர்கள் காசு கொடுக்கிறார்கள். வர்ணம் பூசினால் எழுத்துகள் தடித்துப்போகும். அது அப்பாவின் மணிக்கூடாகவே இராது. என் மாமாவின் கடிகாரத்தை மெருகூட்டக் கொடுத்து, கூரான விளிம்புகள் சவர்க்காரக் கட்டிபோல் மழுங்கித் திரும்ப வாங்கியவன் நான். இன்னும் மனம் ஆறவில்லை.

பின்மூடியைப் பாருங்கள். வானாய்வு நிலையமும் அதன்மேல் எட்டு நட்சத்திரங்களும் புடைப்பாகத் தெரிகின்றனவா? கோடுகள் தெளிவாக இருந்தால் யாரும் அதிகம் தேய்க்கவில்லை என்று மகிழலாம். உள்ளே ஒமேகாவின் 561 ரக இயந்திரம் என்றால், உராய்வைக் குறைக்கும் 24 கற்கள் இருக்கும். மணிக்கு 19,800 துடிப்பு. காதோடு வைத்தால் வினாடிக்கு ஐந்தரை தடவை! ஆனால் பழைய எண்ணெய் காய்ந்திருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் இடும்வரை ஓடவிடாதீர்கள்.

காலிமுகத்திடலுக்குக் கட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். பின்மூடியின் இறுகிப்போன ரப்பர் வளையம் உப்புக்காற்றைத் தடுக்காது.