43 கமென்ட்

அன்புள்ள அண்ணா,

விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். அரியர் ஒன்றுகூட இல்லை. கேம்பஸில் தேர்வாகி, நான்கு மாதமாக சோழிங்கநல்லூரில் வேலை. 11 வருடப் பழைய ஜாவா கோட் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இங்கிலீஷில் சந்தேகம் கேட்கக் கூச்சம். காலை ஸ்டாண்டப்பில் (வேலை எதுவரை வந்திருக்கிறது என்று டீமில் ஒவ்வொருவரும் சொல்லும் குட்டி மீட்டிங்) நேற்றுச் சொன்னதையே வேறு வார்த்தையில் சொல்கிறேன். போன வாரம் நான் எழுதிய 60 வரிக்கு, டீமில் மற்றவர்கள் படித்துத் திருத்தம் சொல்லும் ரிவ்யூவில், 43 கமென்ட். ஊருக்கே போய்விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஊர் விஷயம் அப்புறம். ஸ்டாண்டப்பில் நேற்றையதையே மாற்றிச் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, 43 கமென்ட்டைவிட எனக்கு அதுதான் கவலை.

நானும் அதைச் செய்தவன். முதல் வேலையில் என் கணினியில் மட்டும் புரோகிராம் டேட்டாபேஸோடு இணையவே இல்லை. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் "கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு" என்றே சொன்னேன். புதன் மாலை டீ குடிக்கக் கூப்பிட வந்த சீனியர் திரையை எட்டிப் பார்த்தார். எந்த சர்வரோடு எப்படி இணைய வேண்டும் என்று எழுதியிருக்கும் கான்ஃபிக் ஃபைலில் பழைய போர்ட் எண். டெஸ்ட் சர்வரை இரண்டு வாரம் முன்பே மாற்றியிருந்தார்களாம், எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆயுசு முழுக்க யோசித்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. திட்டுவார் என்று நினைத்தேன். "திங்கட்கிழமையே கேட்டிருந்தா நிம்மதியா மூணு டீ குடிச்சிருக்கலாமேப்பா" என்றார்.

கல்லூரி லேபில் காலி ஃபைலில் நாற்பது வரி எழுதி, அவுட்புட் வந்ததும் ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்கினோம். அடுத்தவர் எழுதியதைப் படிக்க ஒரு பீரியட்கூடக் கிடையாது. வேலையில் பெரும்பகுதி அதுதான். பழைய கோட் முழுவதையும் முதல் ஃபைலிலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். திரையில் ஏதாவது ஒரு பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக்பாயின்ட் (ஓடும் புரோகிராமை ஒரு வரியில் நிறுத்திவைக்கும் குறி) வைத்து, அதை அழுத்தினால் எந்த மெத்தட் எதைக் கூப்பிடுகிறது, கடைசியில் எந்த டேபிளில் எழுதுகிறது என்று பேப்பரில் வரையுங்கள். ஒரு பட்டனுக்கு ஒரு நாள் ஆனாலும் சரி. விசித்திரமான வரி வந்தால் கிட் ஹிஸ்டரியைப் (யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற பதிவு) பாருங்கள், எந்தப் பிழையைச் சரிசெய்யச் சேர்த்தார்கள் என்று இருக்கும். ('ஃபிக்ஸ்டு' என்று மட்டும் எழுதிவிட்டுப் போன புண்ணியவான்களும் உண்டு.)

கமென்ட்களை வகை பிரியுங்கள். ஒரே தப்பு பத்து இடத்தில் வந்தால் பத்து கமென்ட் விழும். தப்பு யாருக்கும் வரும். 1949இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினியைக் கட்டியவர் மாரிஸ் வில்க்ஸ். அதற்காக ஆரம்பத்தில் அவர் எழுதிய ஒரு புரோகிராமில் 126 வரி, ஏறக்குறைய 20 பிழை. மீதி வாழ்நாளில் பெரும்பகுதி சொந்தத் தப்பைத் தேடுவதிலேயே போகப்போகிறது என்று மாடிப்படியில் வைத்து அவருக்கு உறைத்ததாம். கணினியையே கட்டிய மனிதர்!

ஒரு மணி நேரம் முட்டிப் பாருங்கள். பிறகு கேட்டுவிடுங்கள்: என்ன செய்யப் போனேன், என்ன எரர் வந்தது, எதையெல்லாம் முயன்றேன். எரரை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். தமிழ் தெரிந்தவரிடம் தமிழிலேயே கேட்கலாம். கேட்டாலே முகம் சுளிக்கும் டீம்களும் இருக்கின்றன. உங்களுடையது அப்படியா என்று இன்னும் உங்களுக்கே தெரியாது, கேட்டால்தானே தெரியும்!

ஊருக்குப் பொங்கலுக்குப் போய் வாருங்கள். இப்போதே டிக்கெட் போட்டுவிடுங்கள், அப்புறம் கிளாம்பாக்கத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.