யூரோடைனமிக்ஸில் 180 மி.லி.யிலேயே வலி: "தசை அழுத்தம் இயல்பு" என்றால் நோயே இல்லையா?

அப்படிப் பொருள் இல்லை. யூரோடைனமிக்ஸில், அதாவது குழாய் வழியே சிறுநீர்ப்பையில் நீர் ஏற்றி அழுத்தத்தை அளக்கும் பரிசோதனையில், 180 மி.லி. நீர் ஏறியதும் வலி தாங்காமல் நிறுத்தியதாகவும், சிறுநீர்ப்பைத் தசையின் அழுத்தம் உயரவில்லை என்று அறிக்கை வந்ததாகவும், சிறுநீர் விட்டுவிட்டு வந்ததை வரைபடம் காட்டியதாகவும், மறுபரிசோதனைக்குப் போக எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நாள்பட்ட சிறுநீர்ப்பை வலியுள்ள பெண்கள் பலரிடம் காணப்படுவது இதுவே. பொதுவாக 400 முதல் 600 மி.லி. வரை கொள்ளும் பை, தசை சுருங்காமலேயே, உணர்வு மிகுந்திருப்பதால் முன்னதாக வலிக்கிறது. நிரம்பும்போதே தசை தானாகச் சுருங்கியிருந்தால், திடீரென அடக்க முடியாத அவசரம் தரும் மிகைச்செயல் சிறுநீர்ப்பை என்று ஐயப்படலாம்.

சிறுநீர் விட்டுவிட்டு வருவதற்கு சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தளராமல் இறுகியிருப்பது காரணமாக இருக்கலாம். இதைப் பலரும் கவனிக்காமல் விடுவதால் அழுத்திச் சொல்கிறேன்: இதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கைகளால் தளர்த்தும் சிகிச்சை உதவக்கூடும், இறுக்கிப் பழகும் கீகல் பயிற்சியோ வலியைக் கூட்டிவிடலாம். ஆயினும் குழாய் செருகிய நிலையில், அந்நியர் முன்னிலையில் எவருக்கும் தசை இறுகக்கூடும். ஆகவே அந்த ஒரு வரைபடத்தை மட்டும் நம்பக் கூடாது.

மூன்று நாள்கள் சிறுநீரை அளவுக் குவளையில் பிடித்து, நேரம், அளவு, வலி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். காலையில் முதலில் கழிப்பதும் குறைவாகவே இருந்தால் பரிசோதனை காட்டியது உறுதியாகும். கழித்த பின் எஞ்சுவதை ஸ்கேனில் பார்க்கலாம்.

நாள்பட்ட சிறுநீர்ப்பை வலி நோயை உறுதிசெய்ய யூரோடைனமிக்ஸ் கட்டாயமில்லை. எனவே மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மறுபரிசோதனைக்குப் புறப்படும் முன், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தக் குறிப்பைக் காட்டிக் கேளுங்கள். சிறுநீரில் இரத்தமோ காய்ச்சலோ கண்டால் காத்திருக்க வேண்டாம்.